ஒன்று குறைவு

பசுவுக்கு அறுபது. எருமைக்கு ஐம்பது.
செம்மறிக்கு ஐம்பத்து நாலு.
நமக்கு நாற்பத்தாறுதான் என்றேன்.
"எருமையை விடக் கம்மியா?" என்று முறைத்தான்
குரும்பாப்பேட்டை டீக்கடைப் பையன்.
அன்றிலிருந்து என் டம்ளரில் மட்டும்
சர்க்கரை ஒரு கரண்டி குறைந்தது.

அப்போது கணினி இல்லை.
முக்காலி மேல் ஏறி நின்று
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விழவிட வேண்டும்.
விழுந்த வேகத்தில் செல் உடைந்து
குரோமோசோம்கள் சிதறும், முறுக்குத் துண்டுகளாக.
படம் பிடித்து, கத்தரித்து,
பெரிசிலிருந்து சிறிசு வரை ஜோடி சேர்த்து ஒட்டுவேன்.
நகக்கண்ணில் ஊதாச் சாயம் போகாது.
தங்கையின் நிச்சயதார்த்தத்தில்
சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து
யாரோ நைசாக வாங்கிக்கொண்டார்கள்.

காது வில்லை இருநூற்றுப் பதினேழு.
கலப்பினக் காளை. நேரான முதுகு, தாய்வழியில் நல்ல பால்.
அதன் விந்தில் சினை பிடித்த மாடுகள்
பிடித்ததை விட்டுக்கொண்டேயிருந்தன
வில்லியனூரில், பாகூரில், ஏம்பலத்தில்.
எண்ணினேன். ஐம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
ஒன்று தொலையவில்லை, இரண்டு ஒட்டியிருந்தன:
ஆகப் பெரியதன் தோளில் ஏறிய பொடிசு.
காளைக்கு இதனால் ஒரு நோவும் இல்லை.
வாரிசுக்குப் பங்கு பிரிக்கும்போதுதான் கணக்கு இடிக்கும்.
அறிக்கையின் கடைசிக் கட்டத்தில்
"கழிக்கவும்" என்று எழுதினேன்.
நல்ல கையெழுத்து எனக்கு.

ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் ஒருமுறை
நைட்ரஜன் கேனைத் திறக்கச் சொன்னார் ஏட்டு.
புதுச்சேரிப் பக்கமிருந்து வரும்
எந்தப் பாத்திரத்தையும் நம்பாதவர்.
மூடியைத் தூக்கினேன்.
வெண்புகை வழிந்து அவர் பூட்ஸை மூடியது.
"என்னம்மா சரக்கு இது?"
"முந்நூறு கன்னுக்குட்டி சார்."
பஸ்ஸே சிரித்தது.

ஐம்பத்திரண்டு வயதில்
அதே பாலத்தை மனிதர்களுக்காகக் கடந்தேன்.
மஞ்சக்குப்பம், இரண்டாவது மாடி, கருத்தரிப்பு மையம்.
இங்கே யாருக்கும் காது வில்லை இல்லை.
எதிரே உட்கார்ந்து பெயர் சொல்கிறார்கள்.
இருநூற்றுப் பதினேழின் படத்தை
ஏனோ சுவரில் மாட்டியிருந்தேன்.

தணிகைவேலன், சிப்காட்டில் ஷிஃப்ட் ஆபரேட்டர்.
மனைவி அம்சவேணி.
மூன்று முறை, மூன்றும் மூன்றாம் மாதம்.
கம்பெனிக் காற்று என்றார்கள், ராகு என்றார்கள்.
அவன் அம்மா மருமகளின் அடிவயிற்றைச் சொன்னாள்.
எண்ணினேன்.
அம்சவேணிக்கு நாற்பத்தாறு.
அவனுக்கு ஒன்று குறைவு.
பதினாலும் இருபத்தொன்றும்
கட்டிப்பிடித்தபடி.

அவள் அழவில்லை.
கட்டைப்பையிலிருந்து பழைய ஸ்கேன் கவர்களை எடுத்து
ஒவ்வொன்றாக அவன் மடியில் வைத்தாள்.
மூன்றாவதை வைத்த பிறகும்
கையை எடுக்காமல் அங்கேயே விட்டாள்.
அவன் சுவரைப் பார்த்தான்.
"அது யாரோடது மேடம்?"
"ஒரு காளை. கிட்டத்தட்ட உங்களை மாதிரி."
சொல்லியிருக்கக் கூடாது.
"அதுக்கு என்ன பண்ணீங்க?"

இருபத்தெட்டு வருடத்தில்
எந்தக் கருத்தரங்கிலும் எழாத கேள்வி.
"நல்லா இருந்துச்சு," என்றேன். "ரொம்ப நாள்."
அவர்கள் போனதும் படத்தைக் கழற்றினேன்.
சுவரில் வெளுத்த சதுரம் நின்றது.
அதன் மேல் காலண்டரை மாட்டினேன்,
அது கொஞ்சம் சின்னது.

இது நாலாவது. பதினேழாம் வாரம்.
பனிக்குட நீரிலிருந்து வளர்ந்த செல்கள்
வியாழக்கிழமை தகடுக்கு வந்தன.
கடைசி ஜோடியைச் சொல்லச் சட்டம் விடாது,
மற்றதைச் சொல்லலாம்.
இருபது செல்லிலும் நாற்பத்தைந்து.
ஒட்டியவை ஒட்டியபடியே,
மிச்சமுமில்லை, பற்றாக்குறையுமில்லை.
அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று
பேனாவைத் திறந்து திறந்து மூடினேன்.
பிறகு போன் செய்தேன்.
அவன் பக்கம் பாய்லர் இரைச்சல்.

"குழந்தை நல்லா இருக்கு. அப்படியே உங்க சாயல்!"
"கேக்கல மேடம், என்னது?
மூக்கா?"