மாதிரி ஆ

கிண்ணியாவிலிருந்து உரப்பையில்
ரிஸ்மியா கொண்டுவந்த மட்டி ஓடுகளை
மூன்று தரம் கழுவி, உலையில்
தொள்ளாயிரம் பாகையில் சுட்டோம்.
தண்ணீர் பட்டதும் சீறியது.
வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு,
கொஞ்சம் படித்தது.

சுண்ணாம்பு பத்து, அமிலம் ஆறு.
கணக்கு அவ்வளவுதான்.

பியூரெட்டின் நுனியில்
பொஸ்பரிக் அமிலம் திரளும்,
யோசிக்கும்,
விழும்.
விழுந்த இடத்தில் மட்டும் பால் ஒரு கணம் தடித்து
மறுபடி பாலாகும்.
பிஎச் பத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.
இறங்கினால் பிறப்பவள் வேறு:
எலும்புக்கு ஒன்றுவிட்ட தங்கை,
உடம்புக்குள் நிற்காமல் கரைந்துபோகிறவள்.

நூற்றிநாற்பதாவது துளியில் கரண்ட் போனது.
நிலாவெளி ரோட்டு முழுக்க இருட்டு.
பிஎச் மானி கண்ணை மூடிக்கொண்டது.
காந்தக் குச்சி முகவையின் அடியில்
செத்த மீன்குஞ்சாய்ச் சாய்ந்தது.
கண்ணாடிக் கோலால் நான் கலக்க
ஃபோன் வெளிச்சத்தில் ரிஸ்மியா எண்ணினாள்.
கடல் வேறு, ஜன்னலுக்கு வெளியே
தன் கணக்கைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.
"இருநூற்றிப் பத்தா, பதினொன்றா?"
"பத்து" என்றேன்.
பொய்யும் வீழ்படிவாகும். இரவு முழுக்க வைத்தால் தெரியும்.

வடிதாளில் மிஞ்சிய வெள்ளையை
உலர்த்தி, சுட்டு, அரைத்து
'மாதிரி அ' என்று எழுதினேன்.
ஒப்பிட ஒன்று கேட்டார்கள்.
கோட்டை வாசலுக்குப் பக்கத்தில், வடிகாலோரம்,
கலைமான் ஒன்று கழற்றிப் போட்ட கொம்பு கிடந்தது.
அதையும் சுட்டு அரைத்தோம்: மாதிரி ஆ.

இரண்டும் பேராதனைக்கு பஸ்ஸில் போயின.
மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது.
அ: இரண்டு அவத்தைகளின் கலவை. திரும்பச் செய்க.
ஆ: மிகத் தூய்மை. உச்சிகள் கூர்மை.
தயாரித்த முறையை விரிவாக எழுதி அனுப்புக.

எழுத உட்கார்ந்தேன்.
மூலப்பொருள்: பஸ் நிலையத்து வாழைப்பழத் தோல்,
மரக்கறிக் கடை எறிந்த கோவா இலை,
சோற்றுப் பார்சல் சுற்றிய தாள், அதன் குழம்போடு.
பிஎச்: யாரும் பார்க்கவில்லை.
வெப்பநிலை: ஒரு மானின் உடம்புச் சூடு.
கலக்கும் வேகம்: நாய் துரத்தும்போது அதிகம்.
மின்தடையால் பாதிப்பில்லை.
துளிகள் எண்ணப்படவில்லை.

ரிஸ்மியா தோளுக்கு மேலால் எட்டி வாசித்து
வயிறு நோகச் சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

கையொப்பத்துக்கு மேலே இன்னொரு வரி சேர்த்தேன்:
மாதிரி அ-வில்
இருநூற்றிப் பதினோராவது துளி
விழுந்தது.