நாலாம் நம்பர்

நோட்டீஸைக் கையில் தரவில்லை,
கேட்டில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
காயாத பசை வழிந்து
என் இனிஷியலைத் தொட்டுக்கொண்டிருந்தது.
ப. செங்கோட்டுவேல், தாதகாப்பட்டி,
லைன் வீடு ஆறு, குழாய் இணைப்பு ஒன்று.

மேற்படி கட்டடத்தில் சட்டவிரோதச் செயல்களை
அனுமதித்தமைக்காக
ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.
தவறினால் குடிநீர் துண்டிக்கப்படும்.

அனுமதித்தமை.
நான் அனுமதித்தது ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு,
சாமி படத்துக்கு இரண்டு ஆணி,
அதுவும் கேட்டுவிட்டு அடித்தால்.

நாலாம் நம்பர் பையனை
விடிகாலை நாலு மணிக்குக் கூட்டிப் போனார்கள்.
பரண்மேல் பதினோரு பொட்டலம்.
அரிசி மூட்டைக்குள் ஒன்று.
என் பூட்டு உடைந்து வாசலில் கிடந்தது.
அந்தப் பூட்டுக்கு யார் பணம் தருவார்கள் என்று
உண்மையாகவே நான் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

குகையில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்
வீட்டுக்காரர்கள் கூடினோம். நூற்றுச் சொச்சம் பேர்.
சேகோ ஆலை குப்புராஜ் மைக்கைப் பிடித்தார்:
"எட்டு மாசமா தெருவிளக்கு எரியல,
அதுக்கு யாருக்குங்க நோட்டீஸ்?
வரியை ஏத்துனப்ப வீடு எங்களுது.
கஞ்சா பிடிச்சா மட்டும் ஊடும் எங்களுது, குத்தமும் எங்களுதா?
வாடகைக்கு வர்றவன் மூஞ்சியில
எழுதியா ஒட்டியிருக்குது?"
கை வலிக்கத் தட்டினேன்.
கோர்ட் செலவுக்கு ஆளுக்கு இரண்டாயிரம்.
தட்டுவடை செட் கொடுத்தார்கள்,
காரம் தூக்கலாக இருந்தது.

மண்டல அலுவலகத்தில்
என் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது.
உதவி ஆணையர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.
"குடி வைக்கும்போது என்னென்ன கேட்டீங்க?"

கேட்டேனே.
என்ன ஆளுக என்று கேட்டேன்.
மீன் கறி உண்டா, எத்தனை பேர் வந்து போவார்கள்,
துணி யார் துவைப்பது, மோட்டார் எத்தனை நேரம்.
இரும்பாலையில் இருபத்தாறு வருஷம் வெந்து
விருப்ப ஓய்வில் வந்த காசில் கட்டிய வீடு,
கேட்காமல் விடுவேனா.

"நானும் வாடகை வீடுதான்," என்றார் அவர்,
"என்கிட்டயும் இதையேதான் கேட்டாங்க.
என்ன வேலைன்னு கடைசி வரைக்கும் கேட்கல."
சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்.
"அவன் என்ன செய்யறான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

பின் பெஞ்சில் அஞ்சாம் நம்பர் துளசிமணி
மில் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
தண்ணீரை நிறுத்தாதீர்கள் என்று மனு.
ராத்திரி ராத்திரி வண்டி வருகிறது,
பிள்ளை படிக்க முடியவில்லை என்று
ஆடியில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை
என்னிடம் வந்து சொன்னவள்.
பிடிக்கவில்லையென்றால் வேறு வீடு பார் என்றேன்
இரண்டாவது தடவை.
இப்போது அவள் வாயைத் திறந்தால் போதும்.
என் முதுகு சுட்டது.
அவள் மனுவை மட்டும் நீட்டினாள்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறை,
கொலுசுக்கு மெருகு போடுகிறேன் என்றுதான்
அவன் சொன்னான், அட்வான்ஸ் எண்ணும்போது.
மெருகு போடுகிறவன் நகக்கண்ணில்
ஏறிய கறுப்பு தீபாவளிக்குக்கூட இறங்காது.
என் மச்சினன் அந்த வேலை பார்த்தவன்.
இவன் நகம் பத்தும்
உரித்த பூண்டு மாதிரி இருந்தது.
வழக்கத்தைவிட ஆயிரத்து ஐந்நூறு அதிகம் கேட்டேன்.
பேரம் பேசவில்லை அவன்.
நான் நோட்டை எண்ணினேன்.

எட்டாம் நாள் குழாயை அறுத்தார்கள்.
வழக்கு நடக்கிறது, வாய்தா தை மாதம்.
லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை
என் கேட்டிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை.

ஒன்றாம் தேதி துளசிமணி வந்தாள்,
வாடகையைத் திண்டில் வைத்தாள்.
"தண்ணிக்கு நூறு கழிச்சிருக்கேன்."

எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டேன்.