முதல் நாற்பது நிமிடம்

மேகம் என்கிறார்கள்.
வாடகைப் பெட்டிதான்,
கேப் டவுனில் எங்கோ குளிரூட்டிய கொட்டகையில்.
நான் டர்பனுக்கு வடக்கே, ஃபீனிக்ஸில்,
இரண்டாம் மாடியில், சமையலறை மேசையில்.
ஒரு கேள்வி அங்கே போய்த் திரும்ப
இருபத்தாறு மில்லி விநாடி.
அதனால் சுமை ஏற்றும் எந்திரத்தையும்
அங்கேயே, பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
இல்லாவிட்டால் நான் அளப்பது
நடுவிலுள்ள தூரத்தைத்தான்.

படையாச்சியின் பதினொரு மருந்துக்கடைக்கும்
ஒரே தரவுத்தளம்,
வெருலம் முதல் டொங்காட் வரை.
தாங்குமா என்று சொல்லவேண்டும்.
விநாடிக்கு மூவாயிரம் என்கிறது விற்றவர் தாள்.

நாற்பது லட்சம் நோயாளிகளை உண்டாக்கினேன்.
ஆளுக்கொரு பெயர், பிறந்த தேதி, இரத்த அழுத்தம்,
மாதம் முப்பது மாத்திரை.
ஒருவர்கூட இருமவில்லை.

இரவு பத்தேகாலுக்கு
இருநூறு இணைப்புகள் சேர்ந்து கதவைத் தட்டின.
மூவாயிரத்து நூறு.
மூவாயிரத்து நூற்றுப் பத்து.
அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு.
பத்தே முக்காலுக்கு லோஷினி அழைத்தாள்:
"போதுமே, படம் பிடித்து அனுப்பு,
காலையில் முதலாளிக்குக் காட்டணும்."
சரி என்றேன்.
நிறுத்தவில்லை.
தேநீர் பாதிக் கோப்பை மிச்சம் இருந்தது,
அதுகூடக் காரணமாயிருக்கலாம்.

பத்து ஐம்பத்தைந்து.
இருநூற்றுத் தொண்ணூறு.

கண்ணைக் கசக்கினேன். இருநூற்று எண்பத்தெட்டு.
பிழைச்செய்தி இல்லை, சிவப்பு இல்லை,
வரிசை மட்டும் நீண்டுகொண்டிருந்தது.
பூட்டுகளைப் பார்த்தேன், யாரும் யாரையும் தடுக்கவில்லை.
குறியீட்டு அட்டவணைகள் அததன் இடத்தில்.
செயலி சும்மா இருந்தது, நூற்றுக்கு ஒன்பது,
வட்டுக்காகக் காத்துக்கொண்டு.
மூன்றாம் பக்கத்தின் அடியில்
யாரும் திறக்காத ஒரு சின்னக் கட்டம்:
மிச்ச வரவு, பூஜ்யம்.

அட, அதுதானா.
அத்தனை வேகமும் சேமிப்பிலிருந்து எடுத்தது.
சும்மா கிடந்த நேரமெல்லாம் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்து
நாற்பது நிமிடத்தில் குடித்துத் தீர்த்திருக்கிறது.
இனி அதன் சொந்த நடை இதுதான்.

அந்நேரம் பார்த்து
கதவோரத்து மின்சார மீட்டர் கீச்சென்றது.
நாலு யூனிட்.
முன்பணம் கட்டி எரிக்கிற வீடு இது.
கைபேசியில் வாங்கிய இருபது இலக்கத்தை
நாலு நாலாக அழுத்தினேன்,
நடுவில் ஒரு தடவை தப்பாக.
இதுவாவது தீருமுன் கத்துகிறது.

இரவு முழுவதற்கும் சராசரி போட்டால்
பார்க்க அவ்வளவு மோசமில்லை.
சராசரி
வரிசையில் நிற்காதவர்கள் பேசும் மொழி.
ஓய்வூதிய நாளில் வெருலம் கடை வாசலில்
ஏழு மணிக்கே கூட்டம் வந்துவிடும்,
சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சீட்டு வைத்துக்கொண்டு.
நாற்பது நிமிடத்தில் அது கலையாது.

இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பினேன்,
ஒன்றுக்குக் கீழ் ஒன்று, ஒரே அளவு எழுத்தில்.
லோஷினி தூங்கவில்லை போலிருக்கிறது.
"ரெண்டாவதை எடுத்துடலாமா?"

பதில் எழுதவில்லை இன்னும்.
சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது.
நான் பெயர் வைத்த நாற்பது லட்சத்தில்
யாரோ ஒருவர்
பதினெட்டு விநாடியாக நின்றுகொண்டிருக்கிறார்.