இலைக்குள் துளி

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் களம்.
தென்னை நார்த்தூளைக் கழுவிக் காயவைத்து
அஞ்சு கிலோ கட்டியாக அமுக்கிக்
கப்பலேற்றுகிறோம்.

உப்பு போகும்வரை கழுவணும்.
மீட்டரில் அரைக்குக் கீழே எண் இறங்கினால்
மயிலாத்தா "போதும்" என்று குழாயை மூடுவாள்.
போன உப்பு எங்கே என்று
மீட்டர் கேட்பதில்லை.

வியாழக்கிழமை சான்றிதழுக்காக ஷிஜு சார் வந்தார்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து, நனைந்த மழைக்கோட்டோடு.
உங்களால் எங்கோ ஒரு சதுப்பு நிலம்
தோண்டப்படாமல் கிடக்கிறது என்றார்.
உண்மைதான். சந்தோஷமாகக்கூட இருந்தது.
நாற்பத்தேழு கேள்விகள், நாற்பத்தேழு டிக்.
டீ கொடுத்தோம்,
கேன் தண்ணீர் டீ.

லேபிள் ஒட்டுவது நான்.
கண்ணாடித்தாளில் பச்சை இலை,
இலைக்குள் துளி.
துளிக்கு மை கிடையாது, வெறும் இடைவெளி.
வெள்ளை உறைமேல் ஒட்டினால் துளி வெள்ளை.

சனிக்கிழமை, பக்கத்துத் தோட்டத்து ஆறுச்சாமி
ஒரு பாட்டிலை என் மேசையில் வைத்தார்.
பேசவில்லை.
அவர் கிணறு.
கட்டஞ்சாயா நிறம்.

காலையிலிருந்து ஆயிரத்து இருநூறு ஒட்டிய கை.
பழக்கத்தில் அது பாட்டிலை இழுத்து
ஒட்டிவிட்டது. நேராக,
ஓரத்தில் ஒரு குமிழ்கூட இல்லாமல்.

இலை பச்சையாகவே இருந்தது.

பாட்டிலை அவர் எடுத்துக்கொண்டு போனார்.
ரோலில் ஒன்று குறைகிறதே, கணக்கு வேண்டுமே.
பதிவேட்டில் எழுதினேன்:
சேதம், ஒன்று.