பின்வரிசையிலிருந்து

திரையில் ஒரு கோடு இறங்கிக்கொண்டிருக்கிறது.
"அழைப்பு வந்த நிமிடத்திலிருந்து
முதல் மின்னதிர்ச்சி வரை" என்கிறாள்
பேராசிரியர் தூர்ஹில்ட் ஆஸ்பெவிக்.
டிராம்சோ பல்கலைக்கழக அரங்கில்
கோட்டுப் போட்டவர்கள் குறித்துக்கொள்கிறார்கள்.
ஓய்வுபெறும் நாள், கடைசி விரிவுரை.
நான் பின்வரிசையில், ஈரம் காயாத பூட்ஸோடு.
அந்தக் கோட்டில் எங்கெங்கே பனி பெய்தது என்று
எனக்குத் தெரியும்.

இருபத்தாறு வருஷம் அவளோடு ஆம்புலன்ஸில் போனேன்.
பாதி வாழ்க்கை படகுத்துறைகளில் கழிந்தது.
ஹெல்விக் துறையில் ஒரு ஜனவரி;
படகு அக்கரையில் விளக்கெரிய நின்றிருந்தது,
இக்கரையில் ஒரு மீன்பண்ணைக்காரனின் நெஞ்சை
அழுத்திக்கொண்டிருந்தோம்.
உரக்க எண்ணுவாள்.
அவள் களைத்தால் நான், நான் களைத்தால் அவள்.
மாறுகிற இடைவெளியில், மூச்சிரைக்க,
"மணி என்ன? எழுது" என்பாள்.
கையுறையின் மேல் எழுதுவேன்.
அவள் பட்டம் வாங்கிய ஆய்வு முழுவதும் முதலில்
என் இடது கையில்தான் இருந்தது.

குளிர்ந்த உப்புநீரை வண்டியிலேயே ஏற்றலாம்,
மூளை தப்பும் என்று சொன்னதும் அவள்தான்.
ஐஸ்பெட்டிக்கு இடம் போதவில்லை,
என் சாப்பாட்டுப் பெட்டி கீழே இறங்கியது.
ஒன்பது வருஷம் ஏற்றினோம்.
ஊர் ஊராகப் பேசக் கூப்பிட்டார்கள்.
கண்ணாடியில் ஒரு விருது கொடுத்தார்கள்;
நிலையத்தில் சாவி போட்டுவைக்கத் தோதாக இருந்தது.

பிறகு சந்தேகப்பட்டதும் அவள்தான்.
ஒட்டிய உறைகள் வந்தன.
உள்ளே சீட்டு: ஏற்று, அல்லது, ஏற்றாதே.
மனைவியோ மகனோ பார்த்திருக்க
உறையைக் கிழிப்பது என் வேலை.
"ஏற்றாதே" வந்த இரவுகளில்
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

நானூற்றுப் பதினெட்டு உறைகள்.
வித்தியாசம் ஒன்றுமில்லை.
ஏற்றியவர்களுக்குக் கொஞ்சம் மோசம்,
கொஞ்சம்தான், தற்செயலாகவும் இருக்கலாம்.

அன்று மாலை வந்து
ஐஸ்பெட்டியைத் தானே கழற்றினாள்.
நாலு திருகாணி.
ஒன்று துருவேறிக் கிடந்தது, அதோடு
வெகுநேரம் மல்லுக்கட்டினாள்.
"ஒன்பது வருஷம்" என்றேன், வாய் சும்மா இராமல்.
"எழுதி அனுப்பிவிட்டேன்" என்றாள்.
என் சாப்பாட்டுப் பெட்டி பழைய இடத்துக்கு வந்தது.
எனக்கு அன்று பசிக்கவில்லை.

இப்போது திரையில் அட்டவணை.
பிழைத்தவர் ஒன்று, பிழைக்காதவர் சுழியம்.
எண்பத்து மூன்றாம் வரி சுழியம்.
அந்தச் சுழியத்துக்கு ஒரு நாய் இருந்தது,
வண்டியின் பின்னாலேயே துறைவரை ஓடிவந்தது.
படகில் ஏற்ற முடியாது என்றார்கள்.
அதற்கு அட்டவணையில் கட்டமில்லை.

கைதட்டல். பூங்கொத்து.
முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து கேட்கிறான்,
இன்னும் எந்த நிமிடத்தைக் குறைக்க முடியும்?
அவள் பதில் சொல்லாமல் அரங்கைத் துழாவுகிறாள்.
"ஆஸ்லாக், ஹெல்விக் படகு இன்னும் ஓடுகிறதா?"
இருநூறு தலைகள் திரும்புகின்றன.
ஓடுகிறது, என்கிறேன்.
குளிர்காலத்தில் மட்டும் ஒரு நடையை எடுத்துவிட்டார்கள்.

பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டு
பேனாவின் மூடியைக் கழற்றுகிறாள்.
"எத்தனை மணி நடை?"