பதினான்கு மில்லிமீட்டர்

அறுபத்தோராவது இலை, சிம்போ ஆயர்.
சுவா சூ காங் சாலையோரம்
மின்பெட்டிக்குப் பின்னால் தானாக முளைத்தது.
நட்டவர் யாருமில்லை; பறிக்கத்தான்
மூன்று வாரம், இரண்டு கையொப்பம், ஒரு வரைபடம்.

ரோஸ்னானி இலையை முகர்ந்துவிட்டு
எங்கள் வீட்டில் இதில்தான் தெம்பே கட்டுவோம் என்றாள்.
கெட்டுப்போகாதா என்றேன்.
எது கெட வேண்டுமோ அது மட்டும் கெடும் என்றாள்,
கையுறையைக் கழற்றியபடி.

உலர்த்தி, அரைத்து, எத்தனாலில் மூன்று இரவு.
மிஞ்சியது ஆறிய கோப்பி நிறத்தில் ஒரு பிசுக்கு.
அதில் ஒரு சொட்டு, காகித வில்லையில்.

அடியில் காத்திருந்தது
லிம் சூ காங்கிலிருந்து வந்த பாக்டீரியா.
கோ செங் லியாங்கின் சாய் சிம் பாத்திகளை
விளிம்பிலிருந்து உள்நோக்கித் தின்பது:
முதலில் மஞ்சள் ஆப்பு, பிறகு கறுத்த நரம்பு.
தினமும் காலை ஆறு மணிக்கு எனக்கொரு படம் அனுப்புவார்.
வணக்கம் கிடையாது. கேள்வியும் கிடையாது.

மறுநாள் மூடியைத் திறக்காமலே தெரிந்தது.
மஞ்சள் படர்ந்த தட்டில், வில்லையைச் சுற்றி
எதுவும் வளராத ஒரு வட்டம்.
குறுக்கே அளந்தேன். பதினான்கு.
மறுபடி அளந்தேன், பதினைந்து ஆகாதா என்று.
நிலா கோட்டை கட்டியதுபோல் இருந்தது.
அகல வட்டம் பகலே மழை என்பார்களே,
அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

மூன்று பாத்தி. கைத்தெளிப்பான். காலை ஒன்பது.
இரண்டரைக்கு ஜொகூர் பக்கமிருந்து
கறுத்து வந்து கொட்டியது.
நாலு மாத வேலை பழுப்புத் தடமாய்
கால்வாயில் இறங்குவதைத்
தகரக் கொட்டகைக்கடியில் நின்று பார்த்தோம்.
கோ சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.
வேலிப் பக்கம் மோவாயை உயர்த்திக் காட்டினார்.

அங்கேயும் ஒரு சிம்போ ஆயர்.
அதே மழை.
முறம் போன்ற இலைகளில் ஒரு புள்ளி இல்லை.
அது கசப்பை மேலே பூசிக்கொள்ளவில்லை.
உள்ளே வைத்திருக்கிறது,
எனக்காக அல்ல, சாய் சிம்முக்காகவும் அல்ல.

975ஆம் எண் பேருந்தில், ஈரக் குறிப்பேட்டில் எழுதினேன்:
ஒட்டவில்லை. கழுவிக்கொண்டு போகிறது.
வேரில் ஊற்றினால்?
கேள்விக்குறியின் மேல் என் தலைமுடி சொட்டி மை பரவியது.
அதையே அவருக்கும் அனுப்பினேன்,
எனக்குத் தெரிந்த மாண்டரினில், பிழைகளோடு.

மறுநாள் ஆறு மணிப் படத்தில் கீரை இல்லை.
வேலியோரச் செடி,
வேரோடு, மண்ணை உதறாமல்,
மீன் வந்த வெள்ளைப் பெட்டியில்.
கையொப்பம் ஏதும் இல்லாமல்.