சைபர் தட்டிய வண்டிகள்

இரவு இரண்டே கால்.
நினைவகம் போதவில்லை என்று சொல்லிவிட்டு
வினவல் செத்துப்போனது,
மூன்றாவது தடவை.

கிருஷ்ணகிரி பைபாஸில்
டோல்கேட்டுக்குக் கியர் குறைக்கும் லாரிகள்.
கீழே கூழ் ஆலையில் பெங்களூரா வேகிற வாசனை,
சட்டைக்குள்ளும் சர்வர் அறைக்குள்ளும்.

எனக்கு ஒதுக்கியது அரை ஜிபி.
அதற்கு மேல் கை நீட்டினால்
கேட் பாஸ் நிற்கும், ஆய்வகம் நிற்கும்,
கணக்குப் பிரிவிலிருந்து ஜெயசுதா எழுந்து வருவார்.
எல்லாருக்கும் ஒரே இயந்திரம்.

பன்னிரண்டு சீசன்.
ஸ்கேன் ஆன ஒவ்வொரு கிரேடும் ஒரு வரி.
விவசாயி எண்ணை வைத்துப் பிரித்து
ஊக்கத்தொகைப் பட்டியலோடு சேர்க்க வேண்டும்.
கொள்ளாததை வட்டில் இறக்கி வைக்கவும்
கட்டுக் கட்டாய்த் திரும்ப எடுக்கவும்
தரவுத்தளத்துக்குத் தெரியும்.
பெரிய கட்டை இரண்டாக்கும்,
பிறகும் பெரிதென்றால் நான்காக்கும்.
என்னைவிடப் பொறுமை அதற்கு.

ஒரே ஒரு கட்டு மட்டும்
எத்தனை முறை பிரித்தாலும்
முழுசாய்த் திரும்பி வந்து உட்கார்ந்தது.

திட்டம் எதிர்பார்த்தது ஆயிரத்து இருநூறு வரி.
வந்தது முப்பத்தொரு லட்சம்.
வரிக்கு இருநூறு பைட்,
பெருக்கிப் பார்க்கக் கணினி வேண்டாம்.
அத்தனைக்கும் விவசாயி எண்: 0.
ஒரே எண்ணை எங்கே என்று பிரிக்கும், பாவம்.

சோதித்துப் பார்த்தீங்களா என்றார் ருக்மாங்கதன்.
பார்த்தோம் சார்.
நூற்றுக்கு ஒரு வரி எடுத்துப் பார்த்தோம்.
நாலே நொடி. பச்சை.
முழுத் தரவோடு ஓட்டிப் பார்க்க
இதே அளவில் இன்னொரு இயந்திரம் வாடகைக்குக் கேட்டேன்,
ராத்திரிக்கு ஆயிரத்து எண்ணூறு.
"சீசன் நேரத்துல இதுக்கெல்லாமா காசு?" என்றீர்கள்.

இதுவரை சொன்னது உண்மை.
சொல்லாதது:
அந்த நூற்றுக்கு ஒன்றை எடுக்கும்போது
சைபர்களைக் குப்பை என்று கழித்தவன் நான்.
ஒரு வரி. அரை வரிதான்.

விடிந்ததும் எடைமேடைக்கு இறங்கினேன்.
திம்மராயன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"பெட்டி காலியா இருந்தா மெஷின் கத்துதுங்க.
பின்னால நாப்பது வண்டி நிக்குது.
குத்தகைக்கு மரம் எடுத்தவங்க,
பட்டா அண்ணன் பேர்ல இருக்கறவங்க,
சந்தூர்ல இருந்து குட்டியானையில கொண்டாறவங்க,
அவங்களுக்கு நம்பர் ஏது?
சைபர் தட்டுவேன். தடுப்பு மேல போவும்."

ஊக்கத்தொகை எண் உள்ளவர்களுக்குத்தான்.
பன்னிரண்டு வருஷமாக.

அன்றிரவு என் கார்டிலேயே
இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தேன்.
சைபரைத் தனியே பிரித்தேன்.
விவசாயி எண்ணை விட்டுவிட்டு
எடைச்சீட்டு எண்ணைப் பிடித்தேன்.
முப்பத்தொரு லட்சத்தையும் சீட்டு வாரியாய் வட்டில் அடுக்கி,
ஒரு சீட்டை உள்ளே விட்டு,
அது முடிந்ததும் வெளியே அனுப்பி,
அடுத்தது.
மெதுவாகத்தான்.
ஆறு மணி பன்னிரண்டு நிமிஷம்.
நூற்று நாற்பது எம்பியைத் தாண்டவே இல்லை.

சீட்டின் குறிப்புப் பகுதியில்
திம்மராயன் ஏதாவது தட்டி வைத்திருக்கிறார்:
பாரூர் குள்ளப்பன்.
நாகோஜனஹள்ளி அக்கா, இரண்டு டிரிப்.
பச்சைத் துண்டு.
பச்சைத் துண்டுக்கு மட்டும்
ஒன்பது சீசனில் இருநூற்றுப் பதினேழு கிரேடு.
யாரென்று இன்னும் தெரியவில்லை.

காலையில் செலவுப் படிவத்தைத் திறந்தேன்.
தொகை: 1,764.
காரணம்: சோதனை.
அடுத்தது திட்ட எண்.
இந்த வேலைக்கு யாரும் எண் தரவில்லை.
காலியாக விட்டு அனுப்பினேன்.

கத்தியது.